5000 கேள்வி, ஒரே பிடிஎஃப்: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

‘இங்கிலீஷ் கிராமர் 5000 கேள்விகள், விடையோடு. எஸ்எஸ்சி, பேங்க், குரூப் 4 எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்.’ மத்திய அரசுப் பணிக்கான எஸ்எஸ்சி, வங்கிப் பணி, தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 ஆகிய போட்டித் தேர்வுகளுக்கு என்று இப்படி ஒரு தொகுப்பு டெலிகிராமில் 299 ரூபாய்க்கு விற்பனையாகிறது. காசு கொடுத்து வாங்கி, வரிசையாகச் சரிபார்த்ததில் தெரியவந்ததை எழுதுகிறோம். இதே சரக்கு அட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வேறு சேனல்களிலும் வரும். அதனால் விற்றவர் பெயரைச் சொல்வதைவிட, சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்கிறோம்.

பெரிய கோளாறு விடைக்குறிப்பில் இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ‘ஹி இஸ் ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ ____ ஆல்வேஸ் லேட்.’ கோடிட்ட இடத்தில் ‘இஸ்’ வரும் என்கிறது தொகுப்பு. வர வேண்டியது ‘ஆர்’. ‘ஹூ’ குறிப்பது அதற்கு முன்னால் நிற்கும் ‘பாய்ஸ்’ என்ற பன்மையை. எப்போதும் தாமதமாக வரும் பையன்கள் பலர், அவர்களில் இவன் ஒருவன் என்பதுதான் பொருள். ‘ஹூ’ இல்லாமல் ‘ஒன் ஆஃப் த பாய்ஸ் ____ லேட்’ என்று கேட்டால் எழுவாய் ‘ஒன்’, அப்போது ‘இஸ்’ சரி. ‘த ஒன்லி ஒன் ஆஃப் த பாய்ஸ் ஹூ’ என்று வந்தாலும் ‘இஸ்’தான். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் பிடித்தமான இடம் இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு. தொகுப்போ மூன்றுக்கும் ஒரே விடையைப் போட்டு, ‘ஒன் ஆஃப் வந்தால் ஒருமை’ என்று ஒற்றை வரியில் விளக்கத்தை முடித்துவிடுகிறது.

‘ஸ்கேர்ஸ்லி’, ‘ஹார்ட்லி’ இரண்டுக்கும் துணையாக ‘தேன்’ (than) போட்டிருக்கிறார்கள். ‘ஸூனர்’ ஒப்பீட்டுச் சொல் என்பதால் ‘நோ ஸூனர்’ வந்தால் ‘தேன்’ வரும். மற்ற இரண்டிலும் ஒப்பீடு கிடையாது, அங்கே ‘வென்’ வர வேண்டும். ‘த செக்ரட்டரி அண்ட் டிரெஷரர்’ என்று ஒரே ஒரு ‘த’ இருந்தால் ஆள் ஒருவர், வினைச்சொல் ஒருமை. இரண்டு ‘த’ இருந்தால் ஆள் இருவர். இதையும் கவனிக்கவில்லை. கொஸ்டின் டேகில், அதாவது வாக்கியத்தின் முடிவில் ஒட்டிவரும் சிறு கேள்வியில், ‘ஃப்யூ’ என்பது எதிர்மறை, ‘எ ஃப்யூ’ உடன்பாடு. ‘ஃப்யூ பீப்பிள் நியூ’ என்றால் ‘டிட் தே’ என்று முடிய வேண்டும், தொகுப்பில் ‘டிடிண்ட் தே’ என்று இருக்கிறது.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. எஸ்எஸ்சி பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் இங்கிலீஷுக்கு 25 கேள்விகள், சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு 0.50 கழிவு. தெரிந்து சரியாக எழுதியவருக்கும் தப்பாக மனப்பாடம் செய்தவருக்கும் ஒரு கேள்வியிலேயே 2.5 மதிப்பெண் வித்தியாசம் வந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்விகள், சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு, ஆகவே வித்தியாசம் 4. விடை தெரியாதவர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போகலாம். தப்பாகப் பயின்றவரோ சந்தேகமே இல்லாமல் குறித்துவிட்டு வருவார்.

தமிழ் விளக்கம் என்ற பெயரில் இருப்பது இயந்திர மொழிபெயர்ப்பு. ‘எ’, ‘ஆன்’, ‘த’ என்ற சொற்களைக் குறிக்கும் ‘ஆர்ட்டிகிள்’ என்பதைக் ‘கட்டுரை’ என்று போட்டிருக்கிறார்கள், செய்வினை, செயப்பாட்டுவினையைக் குறிக்கும் ‘வாய்ஸ்’ ‘குரல்’ ஆகியிருக்கிறது. ‘இந்த வாக்கியத்தில் கட்டுரை தவறு’ என்று படிக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு என்ன புரியும்? தமிழ் வழியில் படித்தவர்களை நம்பவைத்து விற்ற சரக்கில் இப்படி இருப்பதுதான் அதிகம் வலிக்கிறது.

குரூப் 4 என்று அட்டையில் போட்டதும் பொய். 2022 தேர்விலிருந்து குரூப் 4-இல் பொது ஆங்கிலம் கிடையாது. தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம்: 100 கேள்விகள், 150 மதிப்பெண், அதில் 60 எடுத்தால்தான் மீதித் தாளைத் திருத்துவார்கள். பொது ஆங்கிலத்தை விருப்பமாக எடுக்க முடிவது குரூப் 2 முதல்நிலையில்.

‘ஐபிபிஎஸ் ஒரிஜினல் வினாத்தாள்’ என்ற வரியையும் நம்பாதீர்கள். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் வினாத்தாளை வெளியிடுவதில்லை. சந்தையில் கிடைப்பவை எல்லாம் எழுதியவர்களின் நினைவிலிருந்து திரட்டியவை. அவற்றால் பயன் உண்டு, ஆனால் ‘ஒரிஜினல்’ கிடையாது. குரூப் தேர்வுகளை நடத்தும் டிஎன்பிஎஸ்சி தன் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் தளத்தில் இலவசமாகவே போடுகிறது. எஸ்எஸ்சி இறுதி விடைக்குறிப்பை வினாத்தாளோடு குறிப்பிட்ட காலத்துக்குத் திறந்துவைக்கும், எழுதியவர்கள் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொகுப்பானாலும் பணம் கட்டுவதற்கு முன் நடுவிலிருந்து இரண்டு பக்கம் கேளுங்கள். அவர்களாகக் காட்டும் முதல் பக்கம் எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். மேலே சொன்ன ‘ஒன் ஆஃப்’, ‘ஸ்கேர்ஸ்லி’, ‘ஃப்யூ’ மூன்றையும் கொடுத்து, விடையோடு காரணமும் கேளுங்கள். காரணம் வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். கைக்கு வந்த பிடிஎஃப்பில் ‘நோ ஸூனர்’ என்று தேடிப் பாருங்கள். நாங்கள் பார்த்ததில் ராமு, சோமு என்று பெயரை மட்டும் மாற்றி அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. தேடவே முடியாதபடி வெறும் படமாக இருந்தால், ஏதோ புத்தகத்தை ஸ்கேன் செய்து விற்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பணம் போய்விட்டதா? யுபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரம், உரையாடல் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்றவர் உங்களை பிளாக் செய்தால் உரையாடலையும் அழித்துவிட வாய்ப்பு உண்டு, அதனால் சண்டை போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். சரக்கு மோசம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிக்கொண்டு எதுவுமே அனுப்பவில்லை என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

ஏற்கெனவே இதை வைத்துப் பயின்றவர்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். செய்த கேள்விகளை விதிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு விதியையும் ஒரு நல்ல இலக்கணப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். தப்பாகப் பழகிய விதிக்கு மட்டும் சரியான வாக்கியம் பத்து, கையால் எழுதி, ஒரு வாரம் கழித்து அதே விதியில் புதுக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். பழைய விடை கைக்கு வந்தால் இன்னும் பத்து எழுதுங்கள்.