கட்டுரைப் பட்டியல் அடித்துத் தரும் கடை: வேலை சுத்தம், கணக்குதான் இடிக்கிறது

காட்பாடி ஸ்டேஷன் பக்கம் உள்ள ஒரு டிடிபி கடையில் பதவி உயர்வு விண்ணப்பத்துக்கு என் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை அடித்து வாங்கினேன். டைப்பிங் சுத்தம், பைண்டிங் அரை மணி நேரத்தில் ரெடி, வேலூர் வெயிலில் போய் நின்றவனுக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுத்தார் அந்த அண்ணன், அதற்கே ஒரு நட்சத்திரம்.

சிக்கல் எண்களில். மொத்த மேற்கோள் (மற்றவர்கள் தங்கள் ஆய்வில் என் கட்டுரைகளைச் சுட்டிய எண்ணிக்கை) 64, கட்டுரை 16, வகுத்துப் பார்த்து, ஆய்வாளரின் தாக்கத்தை அளக்கும் எச்-இண்டெக்ஸ் 4 என்று போட்டுவிட்டார். அது வெறும் சராசரிங்க! 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கே வேறு: எத்தனை கட்டுரைக்குத் தலா குறைந்தது அத்தனை மேற்கோள் இருக்கிறதோ, அந்த எண்களில் பெரியதுதான் எச். மேற்கோள் அதிகமானதிலிருந்து அடுக்கினால் என்னுடையது 21, 13, 9, 6, 5, 3 என்று இறங்கும். ஐந்து கட்டுரைக்கு தலா குறைந்தது ஐந்து மேற்கோள் இருக்கிறது, ஆறாவதுக்கு ஆறு இல்லை, ஆக எச் 5. அப்புறம் மேற்கோள்களை எண்ணித் தரும் இரண்டு தளங்களான கூகுள் ஸ்காலரின் எண்ணையும் ஸ்கோபஸின் எண்ணையும் ஒரே பத்தியில் கலந்திருந்தார். ஸ்காலர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணும், பெரும்பாலும் கூடத்தான் காட்டும்.

"மருத்துவக்காரங்களுக்கு நூத்துக்கணக்குல வருதே, உங்களுக்கு ஏன் சார் கம்மி?" என்று வேறு கேட்டார். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் ரோட்டாவைரஸ் ஆராய்ச்சி செய்து 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தேர்வான ககன்தீப் காங்கையும் கணக்கு வாத்தியாரான என்னையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி? கணிதத்தில் ஆட்களும் குறைவு, மேற்கோளும் மெதுவாகத்தான் வரும்.

திருத்திய பக்கங்களுக்குக் காசு வாங்கவில்லை. மூன்றரை நட்சத்திரம்.