பிக்கெட்டா, ரூஜா? டெட்ராய்டில் ஒரு நாள் மட்டும் இருப்பவர்களுக்கு

டெட்ராய்டுக்குப் போகிறவரிடம் "ஃபோர்டு தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. எந்தத் தொழிற்சாலை என்பதில்தான் சிக்கல். ஃபோர்டின் மாடல் டி கார் பிறந்த, இன்று அருங்காட்சியகமாக இருக்கும் பிக்கெட் அவென்யூ கட்டடம் ஒன்று. பக்கத்து ஊரான டியர்போர்னில் இன்றும் வண்டிகள் உருவாகும் ரூஜ் வளாகம் மற்றொன்று. இரண்டையும் ஒரே நாளில் அடைத்துக்கொண்டால் இரண்டுமே அரைகுறையாகிவிடும்.

என் ஓட்டு பிக்கெட்டுக்கு. 1904-இல் கட்டிய மூன்றடுக்குச் செங்கல் கட்டடம் அது. நீளம் 402 அடி, அகலமோ வெறும் 56 அடி. பழைய நூற்பாலைகளின் அமைப்பு இது. இரு பக்கச் சன்னல்களிலிருந்தும் பகல் வெளிச்சம் நடுக்கூடம் வரை வந்துவிடும். 1901-இல் ஓல்ட்ஸ் கார் தொழிற்சாலை எரிந்துபோனதை டெட்ராய்ட் மறந்திருக்கவில்லை. அதனால்தான் குறுக்கே தீத்தடுப்புச் சுவர்களை எழுப்பினார்கள். மரத்தரையில் குனிந்து பாருங்கள்: எண்ணெய்க் கறை, தேய்ந்த பலகை, அடித்துத் திருத்திய ஒட்டுகள். எந்தக் கண்ணாடிப் பேழையும் இவ்வளவு சொல்லாது.

மேல்தளத்தில், மாடல் டி-யை ரகசியமாக வடிவமைத்த அறையை மீண்டும் அமைத்திருக்கிறார்கள். ஹங்கேரியிலிருந்து வந்த ஜோசப் கலாம்ப் கரும்பலகையில் வரைய, ஹென்றி ஃபோர்டு ஆடும் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். 1908 செப்டம்பர் 27 அன்று முதல் மாடல் டி இங்கே தயாரானது.

ஓர் எச்சரிக்கை. நகரும் உற்பத்தி வரிசையைப் பார்க்கலாம் என்று இங்கே வந்தால் ஏமாற்றம்தான். பிக்கெட்டில் கார் ஒரே இடத்தில் நிற்கும். பாகங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள்தான் நகர்வார்கள். நகரும் வரிசை 1913-இல் ஃபோர்டின் அடுத்த தொழிற்சாலையான ஹைலண்ட் பார்க்கில் வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) வேலை 93 நிமிடத்தில் முடிந்ததும் அங்கேதான். ஆனால் அது அருங்காட்சியகமாகவில்லை. வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

ரூஜின் பலம் வேறு. ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்திலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போகிறார்கள். உயர நடைபாதையில் நின்றால் கீழே எஃப்-150 டிரக்குகள் வரிசையாக உருப்பெறுவதைப் பார்க்கலாம். கூரைமேல் பத்து ஏக்கருக்கும் மேல் செடி வளர்த்திருக்கிறார்கள், அதையும் காட்டுவார்கள். பிள்ளைகளோடு போனால் யோசிக்கவே வேண்டாம், ரூஜ்தான். பிக்கெட்டில் இருக்கும் பழைய கார்களின் வரிசையில் அவர்கள் சீக்கிரமே சலித்துவிடுவார்கள். ஆனால் உற்பத்தி நடக்கும் நாளா என்று விசாரித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். ஓடாத வரிசையைப் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

குறை என்னவென்றால், பயணிக்குக் காட்டப்படுவது இன்றைய ரூஜ். இரும்புத்தாது கப்பலில் வந்து இறங்கி, எஃகாகி, காராக வெளியேறிய ரூஜ், லட்சம் பேர் உழைத்த ரூஜ், 1937 மே 26 அன்று மேம்பாலத்தில் தொழிற்சங்கத்தினர் அடித்து நொறுக்கப்பட்ட ரூஜ், அந்த நடைபாதையிலிருந்து தெரியாது.

அந்த ரூஜைப் பார்க்க டியர்போர்ன் வரை போகவும் வேண்டாம். பிக்கெட்டிலிருந்து சிறு தொலைவில் இருக்கும் டெட்ராய்ட் கலைக்கூடத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா 1932-33-இல் அதைச் சுவரெங்கும் தீட்டிவைத்திருக்கிறார்: உலை, பட்டறை, எஞ்சினை இழுத்துத் தள்ளும் முதுகுகள் என மொத்தம் 27 ஓவியப் பகுதிகள். காலையில் பிக்கெட், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரிவேரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.