தங்கிச் சிகிச்சை எடுத்த ஒரு குடிநோயாளியின் அனுபவம்

போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்த வாரமே எழுதியிருந்தால் இது பாராட்டுப் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். வெளியே வருகிற புதிதில் எல்லோருக்கும் அந்த இடம் கோயில் மாதிரி தெரியும். அப்புறம் வருடங்கள் ஓடிவிட்டன. நடுவில் ஒருமுறை சறுக்கினேன், மறுபடி நிறுத்தினேன். எது உண்மையிலேயே உதவியது, எதற்குக் கொடுத்த காசு வீண் என்று இப்போது ஓரளவு சொல்லலாம்.

உள்ளே சேர்ந்து தங்குவதற்கு நியாயமான முதல் காரணம் உடம்புதான், மனசெல்லாம் பிறகு. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். வியர்வை, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் சேரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத ஆள், இல்லாத பூச்சி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டெலீரியம் ட்ரெமன்ஸ் என்கிற இந்த நிலை உயிரையே எடுக்கக்கூடியது. "வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்து நிறுத்திவிடலாம்" என்று சொல்லும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நான் இருந்த மையத்தில் நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் குளோர்டயசெபாக்சைடு மாத்திரையை முதலில் அதிகமாகக் கொடுத்து, நாளாக நாளாகக் குறைத்தார்கள். பி1 வைட்டமின், அதாவது தயமின் ஊசியும் போட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அதைப் போட வேண்டும் என்பதில் நர்ஸ் அக்கா கறாராக இருந்தார். தயமின் வற்றிப்போன உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம் என்று அவர்தான் விளக்கினார். இதைத் தெரிந்து வைத்திருக்கிற நர்ஸ் இரவு ஷிஃப்ட்டிலும் இருக்கிறாரா என்பது, ஏசி அறை இருக்கிறதா என்பதைவிட நூறு மடங்கு முக்கியம்.

அதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் என்னை வேறொரு இடத்தில் சேர்த்திருந்தார்கள். பெயர் வேண்டாம். ராத்திரி வேனில் நாலு பேர் வந்து தூக்கிப் போனார்கள். டாக்டர் என்று ஒருவரை நான் அங்கே பார்க்கவே இல்லை. கதவுக்கு வெளியே பூட்டு, வீட்டுக்கு போன் கிடையாது, எதிர்த்துப் பேசினால் அடி. வெளியே விட்ட அன்றைக்கே நேராக டாஸ்மாக் போனேன். அந்த இடத்தில் எனக்கு நடந்த சிகிச்சை அவ்வளவுதான்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. மையம் பதிவு செய்திருக்க வேண்டும். தானாகச் சேர்ந்தவர் போக வேண்டும் என்று கேட்டால் விட வேண்டும். டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் 24 மணி நேரம் வைத்துப் பரிசோதிக்கலாம், அவ்வளவே. சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை வேறொருவர் சேர்ப்பதற்குத் தனி விதிகள் உண்டு. அதுவும் முதலில் 30 நாளுக்குத்தான். சங்கிலியால் கட்டுவது அடியோடு தடை. போனில் விசாரிக்கும்போதே "அவருக்கு இஷ்டம் இல்லையென்றாலும் வந்து தூக்கிக்கொள்வோம், கவலைப்படாதீங்க" என்று பெருமையாகச் சொன்னால் போனை வைத்துவிடலாம்.

சரி, நல்ல மையத்தில் உடம்பு தேறிய பிறகு என்ன? சலிப்பு. காலையில் தியானம், ஒரு வகுப்பு, நோயாளிகள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குரூப், மதியச் சாப்பாடு, மறுபடி குரூப், தனியாகக் கவுன்சலிங், சாயங்காலம் கேரம். பாதி வகுப்புகள் பள்ளிக்கூடத்து நீதிபோதனை மாதிரிதான் இருந்தன, அவை இல்லாவிட்டாலும் குறைந்து போயிருக்காது. ஆனால் குரூப் வேறு. நான் சொல்லும் பொய்கள் அத்தனையையும் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது கதை விட முடியாது. "வேலை டென்ஷன்ல குடிச்சேன்" என்றேன். பேருந்து ஓட்டுநரான ஒரு அண்ணன், "லீவு நாள்ல எதுக்கு தம்பி குடிச்ச?" என்றார். கவுன்சலர் பேசிய எதுவும் எனக்கு அப்படித் தைக்கவில்லை.

குடும்பத்துக்கு நடத்தும் வகுப்புகளை நான் முதலில் மதிக்கவில்லை. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்த பிறகு 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்த இடம் என்று பெயர் பெற்றது. நான் இருந்தது வேறு இடம் என்றாலும் அங்கேயும் அந்த வழக்கம் இருந்தது. என் மனைவிக்கு அங்கே கிடைத்த ஒரே பாடம், என் ஆபீசுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்வதை நிறுத்துவது. அவள் நிறுத்தினாள். அடுத்து வந்த சறுக்கலில் மேனேஜருக்கு நானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சறுக்கல் நீளாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாத்திரை, ஊசிப் பழக்கத்தோடு வந்த பையன்களும் எங்கள் வார்டில் இருந்தார்கள். டபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம். அவர்கள் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே போய்ப் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். இந்த மாத்திரை மாதிரி ஓபியாய்டு, அதாவது அபின் வகைப் பழக்கம் உள்ளவரைச் சும்மா சுத்தப்படுத்தி அனுப்பாமல், அந்த ஏக்கத்தை அடக்கும் ப்யூப்ரெனார்ஃபின் போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுக்கிறார்களா என்று வீட்டார் கேட்டே ஆக வேண்டும்.

செலவு கணிசம். என் காப்பீட்டுப் பாலிசியில் குடிக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருந்தது, ஒரு ரூபாய் வரவில்லை. கையில் காசு இல்லாதவர்கள் கடன் வாங்கித் தனியார் மையத்துக்குப் போக வேண்டாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446.

இவ்வளவு பார்த்த பிறகு என் எண்ணம் இதுதான்: தங்கியிருந்த காலத்துக்குக் கொடுத்த பணத்தையும் கவனத்தையும் அடுத்த ஒரு வருடத்துக்குப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தேதியை எல்லோரும் முடிவாக நினைக்கிறார்கள். உள்ளே கடை கிடையாது, சம்பள நாள் கிடையாது, கல்யாண வீட்டு மொட்டை மாடி கிடையாது. அங்கே குடிக்காமல் இருந்தது எனக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. நான் சறுக்கியது வெளியே, சம்பளம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை.

வெளியே உதவியவை இரண்டு. ஒன்று ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளிகள் கூட்டமைப்பின் மீட்டிங். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. இன்று நம்மூர்ச் சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் தமிழில் நடக்கிறது, கட்டணம் கிடையாது. கடவுள் பேச்சு எனக்கு ஒட்டவில்லை, டீயும் ஆட்களும் ஒட்டின. இன்னொன்று மருந்து. முதலில் டைசல்ஃபிராம் எடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால், மது உடைந்து உண்டாகும் அசிடால்டிஹைடு என்ற நச்சு உடம்பில் தேங்கி முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூடக் குடித்தால் இப்படி ஆகலாம். "குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் பொடிகளை நினைத்தால் எனக்குப் பயம் வருவது இதனால்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடித்தால் ஆஸ்பத்திரிதான். பிறகு ஈரல் பரிசோதனை பார்த்து நால்ட்ரெக்சோனுக்கு மாற்றினார்கள். குடிக்க வேண்டும் என்ற அரிப்பு அதில் கொஞ்சம் மட்டுப்பட்டது.

மையத்திலிருந்து முதல் மாதம் இரண்டு தடவை போன் வந்தது, அப்புறம் வரவில்லை. புதிதாகச் சேர்க்கப்போகிறவர்கள் கட்டணத்தைப் பற்றிப் பேசும்போதே டிஸ்சார்ஜுக்குப் பின் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், சறுக்கினால் மறுபடி முழுப் பணம் கட்ட வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.