தோட்டம் போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம்: என் மூன்று மாதச் சம்பளம் சேற்றில் போய்விட்டது

கையில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. இன்று காலை முழுவதும் முற்றத்தில் அழுகிக் கிடந்த புல்லைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுத்துப் போட்டேன். வேர் பிடித்திருந்தால் அப்படிச் சுருட்டவே வராது. இது கையோடு வந்தது, அடியில் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு. காற்றே புகாமல் தண்ணீர் நின்ற மண் அப்படித்தான் நாறும். இந்தப் புல்லுக்கும் அதைச் சுற்றி நடந்த வேலைக்கும் நான் கொடுத்தது என்னுடைய மூன்று மாதச் சம்பளம். கோபம் ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றின் மூலம்தான் பிடித்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. தச்சு, குழாய், வெள்ளையடிப்பு எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்புவார்கள், தோட்ட வேலைக்கென்று தனிப் பிரிவு உண்டு. வெயிலும் கடுமை, மழையும் கடுமை என்ற ஊர்களில் முற்றத்தை வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. வெயிலில் மண் பாறையாக வெடிக்கும், மழையில் அதே மண் கூழாகும். எனக்கு அதற்கு நேரமும் இல்லை, முதுகும் இல்லை. அதனால்தான் வேலை தெரிந்தவர்கள் கையில் விடலாம் என்று நினைத்தேன்.

வந்தவர் நன்றாகப் பேசினார். "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிட்டார். உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். மூலையில் இருந்த நந்தியாவட்டையைக் காட்டி, "இது யார் வச்சது?" என்று கேட்டார். என் அம்மா வைத்தது என்றேன். அம்மா இப்போது இல்லை என்பதையும் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "அப்போ இதைத் தொடவே மாட்டோம் அக்கா. இதை நடுவுல வச்சுத்தான் மத்த தோட்டத்தையே போடறோம்" என்றார். அந்த நிமிடத்தில்தான் நான் முழுதாக நம்பினேன். வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. பாதிப் பணத்தை அப்போதே அனுப்பினேன்.

அன்று அவர் கேட்காத ஒரு கேள்வி உண்டு: மழை பெய்தால் இந்த முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? அவர் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் முற்றம் களிமண். வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலும் சிமென்ட் கட்டியும் அரை அடிக்குக் கீழே அப்படியே இறுகிக் கிடக்கின்றன. தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. சுவரை விட்டு வெளியே ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவாவது இருந்தால்தான் வழிந்தோடும். இவர்கள் மட்டம் பார்த்து மேசைபோலச் சமமாக்கிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றே நாளில் வேலை முடிந்தது. செம்மண் கொட்டி, அதன்மேல் கொரியன் புல் பாய்களை விரித்து, நந்தியாவட்டையைச் சுற்றிக் கறுப்புப் பாலித்தீன் போட்டு வெள்ளைக் கூழாங்கல் பரப்பிவிட்டார்கள். மாலையில் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தது. "வேலை முடிஞ்சதுன்னு உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும் அக்கா, அதைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். மீதிப் பணமும் போய்விட்டது. நாற்றங்காலில் இருந்து வரும் புல் பாய் தன்னோடு கொண்டுவரும் மண்ணின் ஈரத்திலேயே சில நாள் பச்சையாக நிற்கும், அது கீழே வேர் விட இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று இப்போது தெரிகிறது. அன்று நான் பணம் கொடுத்தது நாற்றங்காலின் பச்சைக்கு, என் முற்றத்தின் பச்சைக்கு அல்ல. மூன்று மாதச் சம்பளம்.

ஐந்தாம் நாள் இரவு நல்ல மழை. காலையில் முற்றம் குளமாக நின்றது. ஆறாம் நாளே போன் செய்தேன். இந்தத் தேதியை நான் மறக்கமாட்டேன். ஏன் என்று கீழே சொல்கிறேன். "புதுப் புல் அப்படித்தான் அக்கா, வேர் பிடிக்கட்டும். ஆப்புல புகார் எல்லாம் போட வேண்டாம், நானே நேர்ல வந்து பார்க்கறேன்" என்றார். வரவில்லை.

ஒன்பதாம் நாள் புல் மஞ்சளாக ஆரம்பித்தது. மறுபடி போன். "சத்து இல்ல அக்கா, ரெண்டு பிடி யூரியா வீசுங்க" என்றார். வீசினேன். இதற்கு என்னை நானே மன்னிக்க முடியவில்லை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஈர இலைமேல் குருணை ஒட்டினால் இலை கருகும், கருகியது. அந்த மஞ்சள் பசியால் வந்ததே இல்லை. மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்து வேருக்கு மூச்சு முட்டியதால் வந்த மஞ்சள். வேர் உறிஞ்ச முடியாத நிலையில் உரம் போட்டு என்ன பயன்? அடுத்த மழையில் கரைந்து ஓடியதுதான் மிச்சம். போதாததற்கு, அவர்கள் பொருத்திய தானியங்கித் தெளிப்பான் தினமும் மாலை மழையிலும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. நான் அலுவலகத்தில் இருந்து வருவதற்குள் அடித்து முடித்திருக்கும், அதனால் எனக்குத் தெரியவே இல்லை. இரவு முழுக்க இலை நனைந்தே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மழை பெய்தால் தானே நிறுத்தும் சின்ன உணரி ஒன்று வைத்திருக்கலாம். எதுவும் வைக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லக்கூட இல்லை.

அப்புறம் கோரை. கொட்டிய செம்மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்து இறங்கியிருக்கிறது. ஊசிபோல நுனி வைத்துக்கொண்டு, பாலித்தீனையே குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. மேலே பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும், கீழே கிழங்கு சங்கிலியாகத் தொடரும். இனி எத்தனை வருடம் இதோடு போராட வேண்டுமோ.

பதினான்காம் நாள் வேறொரு எண்ணில் இருந்து அழைத்தேன். அப்போதுதான் எடுத்தார். "மேடம், மழை பெய்யறதுக்கு நாங்க பொறுப்பாக முடியுமா?" அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம். அதற்குப் பிறகு அந்த எண்ணையும் தடுத்துவிட்டார்.

பதினேழாம் நாள் செயலியில் புகார் கொடுத்தேன். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில். படம் கேட்டார்கள், பதினொரு படம் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டிருந்தது. மறுபடி திறந்தேன். வேலை முடிந்த 15 நாளுக்குள் புகார் வந்தால்தான் கணக்காம். ஓடிபி சொன்ன நாளே வேலை முடிந்த நாளாம். நான் ஆறாம் நாளே போன் செய்தேனே என்றால், செயலிக்கு வெளியே பேசியது பதிவில் இல்லை என்கிறார்கள். "ஆப்புல போட வேண்டாம் அக்கா" என்று அவர் ஏன் சொன்னார் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு உதவ அல்ல, அந்த 15 நாளைக் கடத்த. மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு பைசா திரும்பாது என்று செயலியின் தரப்பில் பேசிய பெண் எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் தெரியுமா, எனக்குத் திருப்பிக் கத்தக்கூட முடியவில்லை.

புல் போனது போகட்டும். நேற்றுப் பாலித்தீனைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே அழுதுவிட்டேன். நந்தியாவட்டையின் அடித்தண்டு 15 செ.மீ. மண்ணுக்குள் புதைந்திருந்தது. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே காற்றில் இருக்க வேண்டும். மூடிவிட்டால் பட்டை ஊறி அழுகும். மூச்சு வாங்கும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் 30 செ.மீ. மண்ணில்தான் இருக்கிறது, அதன் தலைமேல் மண்ணையும் பிளாஸ்டிக்கையும் கல்லையும் ஏற்றியிருக்கிறார்கள். பட்டையைத் தொட்டால் ஈரக் காகிதம்போல வந்தது. தொடவே மாட்டோம் என்று சொன்ன செடி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள், வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது முறை மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்காவிட்டால் வடிகால் அமைக்காமல் அங்கே புல்லே போட விடாதீர்கள். ஒரு பெருமழை தாண்டும்வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள், ஓடிபி சொல்லாதீர்கள். புகார் வேண்டாம் என்று வேலையாள் சொன்னாலும், குறை தெரிந்த முதல் நாளே செயலியில் எழுதிவிடுங்கள். வரும் மண்ணில் கோரைக்கிழங்கு இருக்கிறதா என்று சலித்துப் பாருங்கள். இருக்கும் மரத்தடியில் மண்ணை ஏற்ற விடாதீர்கள்.

தண்டைச் சுற்றி மண்ணைக் கையாலேயே ஒதுக்கிக் கழுத்தைத் திறந்துவிட்டேன். கிழக்குப் பக்கக் கிளையில் நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது. மற்ற மூன்று கிளைகளில் இல்லை. மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது, மழைக்கு முன்னால் அந்தப் பக்கம் ஒரு வாய்க்காலாவது வெட்டிவிட வேண்டும். போகிறேன்.