தோசைக்கல்லுக்கு எந்த நெருப்பு? அமெரிக்க வீட்டுக்கான உயர்தர ரேஞ்சுகள் ஓர் ஒப்பீடு

மேலே பர்னர்களும் கீழே ஓவனும் ஒரே உடலாக அமைந்த உணவகப் பாணி ரேஞ்ச் ஒன்றை வாங்க நினைக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பத்துக்குக் கடைகளில் முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் ஓவனின் வசதிகள்தான். நம் அன்றாடச் சமையலோ ஏறக்குறைய முழுவதும் மேலடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே, கொடுக்கும் பணம் பர்னருக்குப் போகிறதா என்று பார்ப்பதே முறை என்று கருதி, ப்ளூஸ்டார், வுல்ஃப் ஆகிய நிறுவனங்களின் 36 அங்குல கேஸ் ரேஞ்சுகளையும் ஓர் இண்டக்‌ஷன் ரேஞ்சையும் இங்கே அருகருகே வைக்கிறேன்.

பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் தயாராகும் ப்ளூஸ்டாரின் சிறப்பு அதன் திறந்த பர்னர். நட்சத்திர வடிவிலான அதன் துளைகளிலிருந்து தீ நேராக மேலெழுந்து கல்லின் நடுப்பகுதியையும் தொடுகிறது. வட்டமான மூடிய பர்னரிலோ தீ வெளிப்புறமாகப் பரவுவதால், தோசையின் ஓரம் சிவந்த பிறகும் நடுப்பகுதி வெளிறியே நிற்பதுண்டு. பெரிய பர்னர், அமெரிக்காவில் கேஸ் அடுப்பின் வெப்பத்தை அளக்கும் அலகில் மணிக்கு 22,000 பி.டி.யு., அதாவது சுமார் 6.4 கிலோவாட் வெப்பம் தருகிறது. பர்னருக்கு மேலுள்ள கம்பித்தட்டின் நடுப்பகுதியைக் கழற்றிவிட்டு, அடி உருண்ட இரும்பு வாணலியை நெருப்பின்மேல் நேரடியாக உட்கார வைக்கலாம். இந்த வசதிக்கு நாம் தரும் விலை துப்புரவு வேலை. பொங்கிய பாலும் தெறித்த தாளிப்பும் பர்னரைக் கடந்து அடித்தட்டில் விழுகின்றன. அதை அடிக்கடி உருவிக் கழுவ மனமில்லாதவர்களுக்கு இது ஏற்றதன்று.

2000-ஆம் ஆண்டில் சப்-ஜீரோ நிறுவனத்தின் கைக்கு வந்த வுல்ஃப், மூடிய பர்னரையே வைத்துக்கொண்டு அதில் தீயை இரண்டு அடுக்காகப் பிரித்திருக்கிறது. கீழடுக்கு மட்டும் எரியும்போது கிடைக்கும் மெல்லிய தீயில் வத்தக்குழம்பு அடிபிடிக்காமல் சுண்டும். ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஈயச்சொம்பு எனப்படும் வெள்ளீயப் பாத்திரம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், பெரிய பர்னரின் தீ ரசத்தின் மட்டத்துக்கு மேலே ஏறிப் பக்கவாட்டைத் தொடுவது ஆபத்து. சிந்தியது மேலேயே தங்குவதால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். தினமும் பால் காய்ச்சும் வீட்டில் இந்த ஒரு வசதியே ப்ளூஸ்டாரின் கூடுதல் வேகத்துக்கு ஈடாகலாம்.

மேலே கேஸும் கீழே மின்சார ஓவனும் கொண்ட இரட்டை எரிபொருள் வகைக்குப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். வாரந்தோறும் ரொட்டியும் கேக்கும் செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது தேவையற்றது.

விலைச்சீட்டில் தெரியாத பெருஞ்செலவு புகைபோக்கியில் இருக்கிறது. நூறு பி.டி.யு.வுக்கு நிமிடத்துக்கு ஒரு கன அடி காற்று என்பது நடைமுறைக் கணக்கு; ஆறு பர்னரும் சேர்ந்து ஒரு லட்சத்தை நெருங்கினால் 1,000 கன அடி இழுக்கும் ஹூட் வேண்டியிருக்கும். அமெரிக்காவின் பல ஊர்களில், 400 கன அடியைத் தாண்டினாலே வெளியேறும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வர வழி செய்ய வேண்டும் என்று கட்டட விதி கேட்கிறது. விதி கேட்காவிட்டாலும் அதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். அடைத்த வீட்டில் அவ்வளவு காற்றை இழுத்தால், கேஸ் வாட்டர் ஹீட்டரின் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பக்கூடும். கேஸ் குழாயின் அளவையும் அதே நாளில் பிளம்பரிடம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செலவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, 30 அங்குல இண்டக்‌ஷன் ரேஞ்ச் பாதி விலைக்கும் குறைவாக முடிந்துவிடுகிறது. 240 வோல்ட் இணைப்பு இருந்தால் போதும். பாத்திரம் வைக்கும் அதன் 3.7 கிலோவாட் வட்டம் எண்ணிக்கையில் சிறிதாகத் தெரிந்தாலும், நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெப்பம் பாத்திரத்துக்கே போவதால், பாதிக்கு மேல் வெளியே வீணாக்கும் கேஸ் பர்னரைவிடச் சாம்பாருக்கான தண்ணீரை அது விரைவாகக் கொதிக்க வைக்கும். ஆனால் அலுமினிய இட்லிப்பானை, மண்சட்டி, ஈயச்சொம்பு மூன்றும் அதில் சூடேறா. இரும்புக் கல் சூடேறும். எனினும் அடியிலுள்ள வட்டத்தைவிடக் கல் பெரிதாக இருந்தால் ஓரம் பின்தங்கிவிடும் என்பதால், கல்லின் விட்டத்தை அளந்துகொண்டு போய், அதைவிடச் சிறிய வட்டமுள்ள மாதிரிகளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம்.