வேர்டா, லேட்டெக்கா: கட்டுரையைத் திருத்தப்போவது யார்?

ஆய்வுக் கட்டுரையை எதில் எழுதுவது என்ற கேள்விக்குத் துறையே பாதி பதில் சொல்லிவிடுகிறது. கணிதம், இயற்பியல் என்றால், உரையோடு கட்டளைகளையும் தட்டச்சு செய்து பக்கமாக்கும் லேட்டெக். தாவரவியல், விலங்கியல், வணிகவியல் என்றால் வேர்டு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: கையால் எழுதியதைக் கல்லூரிக்குப் பக்கத்து டி.டி.பி. சென்டரில் கொடுத்துவிட்டு, தட்டச்சு முடிந்ததும் வாங்கிக்கொள்வது. பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் பயன்படுத்தும் மருந்துச் செடிகளைப் பற்றிய கட்டுரையை நான் வேர்டிலும், மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிடும் ஜோட்டெரோவிலுமாக எழுதி அனுப்பினேன். இலைச்சாற்றிலிருந்து வெள்ளி நானோதுகள் தயாரிக்கும் வேலையில் இயற்பியல் துறை நண்பரோடு சேர்ந்தபோது லேட்டெக்கையும் தொட்டுப் பார்த்தேன். என் சார்பு வேர்டு பக்கம். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசப்போவதில்லை.

டி.டி.பி. சென்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வேட்டை அச்சிட்டு பைண்டிங் போட அவர்களை விட்டால் ஆளில்லை. ஆனால் ஆய்விதழுக்கு அனுப்பும் கோப்புக்கு அது சரிப்படாது. பழகிய கை இன்னமும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் ஓடும் கடைகள் உண்டு. அப்படி அடித்த ‘ஆரோக்கியப்பச்சை’ என்ற செடிப் பெயர் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். தமிழ்ப் பெயர் எங்கே வந்தாலும் யூனிகோடு கட்டாயம்.

எல்லோரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமன்பாடு அதிகம் என்றால் லேட்டெக்குக்கு ஈடில்லை. டொனால்டு நூத் 1978-இல் லேட்டெக்குக்கு அடிப்படையான டெக்கை வெளியிட்டதே கணித அச்சின் அழகுக்காகத்தான். லேட்டெக் இலவசம், வேர்டுக்குக் காசு. காசு கொடுக்க மனமில்லாதவர்களுக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கிறது, ஜோட்டெரோ அதிலும் ஒட்டிக்கொள்ளும். பக்க அமைப்பின் அழகைப் பற்றிய வாதம் எனக்கு எப்போதுமே புரிந்ததில்லை. ஏற்கப்பட்ட கட்டுரையை இதழ்க்காரர்கள் எப்படியும் தங்கள் அச்சில் வார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் மாதிரிக் கட்டுரையின் உயிர் அட்டவணையில் இருக்கிறது. தாவரவியல் பெயர், குடும்பம், காணிகள் வழங்கும் பெயர், பயன்படும் பாகம், நோய், சேகரிப்பு எண் என்று பல பக்கங்களுக்கு நீளும். எக்செல்லிலிருந்து எடுத்து வேர்டில் ஒட்டினால் வேலை முடிந்தது. லேட்டெக்கில் பக்கம் தாண்டும் அட்டவணைக்குத் தனித் தொகுப்பு வேண்டும். நெடுவரிசைகளின் அகலத்தை நாமே கணக்கிட வேண்டும். நடுவில் தமிழ் எழுத்து வந்தால், கோப்பைப் பக்கமாக்கும் வழக்கமான நிரலான பிடிஎஃப்லேட்டெக் கைவிரித்துவிடும். ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக்குக்கு மாற வேண்டும். லேட்டெக்கில் மேற்கோள் பட்டியல் போடும் பிப்டெக்கின் வழக்கமான பாணிகளுக்கு இன்னொரு குணம் உண்டு: தலைப்பின் நடுவே வரும் பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கிவிடும். பேரினப் பெயரின் முதலெழுத்து பெரியதாக இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டுக் காப்பாற்ற வேண்டும். ஜோட்டெரோவும் இதில் உத்தமம் இல்லை. சாய்வெழுத்துக் குறியீட்டை நாமே தலைப்பில் சேர்க்காவிட்டால் இனப்பெயர் நேராகவே நிற்கும்.

இவை எல்லாம் பழக்கத்தில் சரியாகிவிடும். என்னை வேர்டு பக்கம் நிறுத்தியது வேறொன்று: திருத்தம்.

ஒரு கட்டுரைக்கு, எழுதும் காலத்தை விட அனுப்பிய பிறகான காலம் நீளம். மதிப்பாய்வாளர்கள் குறிப்பு எழுதுவார்கள், ‘பெருந்திருத்தம்’ என்று பதிப்பாசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வரும். பல இதழ்கள் அப்போது மூன்று கோப்புகள் கேட்கும்: திருத்திய சுத்தப் பிரதி, மாற்றங்கள் தெரியும் பிரதி, ஒவ்வொரு குறிப்புக்கும் வரி எண்ணோடு பதில் கடிதம். இந்தக் கட்டத்தில் கோப்பு என் கையில் மட்டும் இருக்காது. நெறியாளர் ஒரு பத்தியை மாற்றுவார். மாதிரிகளை அடையாளம் கண்டு கொடுத்த ஓய்வுபெற்ற பேராசிரியர், ‘இந்தப் பெயர் இப்போது இணைப்பெயராகிவிட்டது, மாற்றுங்கள்’ என்று ஓரத்தில் எழுதுவார். சிலர் கைப்பேசியிலேயே திறப்பார்கள். இவர்களில் யாரிடம் போய் ‘பின்சாய்கோடு போட்டுத் திருத்துங்கள், ஐயா’ என்று சொல்வது?

வேர்டில் மாற்றங்களைக் கண்காணிக்கும் வசதியைத் தட்டிவிட்டு அனுப்பினால் போதும். யார் எதை மாற்றினார் என்பது நிறத்தோடு திரும்பி வரும். ஏற்கலாம், மறுக்கலாம். யாராவது அதை அணைத்துவிட்டுத் திருத்தினாலும் பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிடும் கட்டளை அதிலேயே உண்டு. கூட்டுப் பாத்திரத்தில் ஆளுக்கொரு கரண்டி போட்டாலும் யார் உப்புப் போட்டார் என்று தெரிந்துவிடுகிறது.

லேட்டெக்காரர்கள் இதற்கு இரண்டு பதில் சொல்வார்கள். ஒன்று, இணையத்திலேயே சேர்ந்து லேட்டெக் எழுதும் ஓவர்லீஃப். நல்ல இடம்தான். ஆனால் இலவசக் கணக்கில் ஒரு திட்டத்துக்குக் கூட்டாளி ஒருவர்தான். மாற்றங்களைக் கண்காணிக்கும் வசதி காசு கட்டியவர்களுக்கு. மூவர் எழுதும் கட்டுரைக்கு அங்கேயே முட்டுகிறது. இரண்டாவது, லேட்டெக்டிஃப். இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு மாற்றங்களை வண்ணத்தில் காட்டும் கருவி. நண்பரின் கட்டுரையில் அது உரைப்பகுதியை அழகாகவே காட்டியது, அட்டவணையில் தடுமாறியது. என் கட்டுரையில் மதிப்பாய்வாளர் கை வைத்ததே அட்டவணையில்தான்.

நிராகரிக்கப்பட்டு வேறு இதழுக்குப் போகும்போதும் இதே கணக்குதான். லேட்டெக்கில் வார்ப்புரு கோப்பை மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள். நடைமுறையில் எல்செவியர் பதிப்பகத்தின் வார்ப்புருவில் ஆசிரியர் பெயரும் முகவரியும் எழுதும் முறை ஒன்று, ஸ்பிரிங்கரில் இன்னொன்று. முதல் பக்கத்தைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கிறது. ஜோட்டெரோவில் மேற்கோள் பாணியை மாற்றுவது ஒரே தேர்வு. முதல் சமர்ப்பிப்புக்கு எந்த வடிவமும் ஏற்கும் இதழ்களும் இன்று ஏராளம்.

வேர்டின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கூட்டாளி ஒருவர் மேற்கோளைக் கையால் திருத்தினால் ஜோட்டெரோ அடுத்த முறை புதுப்பிக்கும்போது அது மறைந்துபோகலாம். வேறு செயலியில் சேமித்தால் மேற்கோள்கள் வெறும் எழுத்தாக உறைந்துவிடுவதும் உண்டு. அதனால் ‘மேற்கோளைத் தொடாதீர்கள், ஓரத்தில் குறிப்பாக எழுதுங்கள்’ என்று முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுவேன். வேர்டின் வரி எண் அட்டவணைக்குள் நுழையாது. பதில் கடிதத்தில் ‘அட்டவணை 2, ஐந்தாம் வரிசை’ என்று குறிப்பிட வேண்டியதுதான்.

சமன்பாடுகள் நிறைந்த கட்டுரையை நான் தனியாக எழுதியதில்லை. ஆகவே கணிதத் துறை மாணவர்களுக்கு என் வாதம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில், இதழில் வருமுன்பே கட்டுரையை முன்பதிப்பாகப் போடுபவர்களுக்கு லேட்டெக்தான் வசதி. லேட்டெக்கில் உருவான பிடிஎஃப்பை மட்டும் கொடுத்தால் ஆர்க்கைவ் ஏற்காது, மூலக் கோப்பையே கேட்கும். நெறியாளரே லேட்டெக்கில் திருத்துபவர் என்றால் மறுபேச்சின்றி அதற்கே போங்கள். முதல் வரி எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

எழுதியவர் யார், மதிப்பாய்வாளர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாத இரட்டை மறைப்பு மதிப்பாய்வு நடத்தும் இதழாக இருந்தால் வேர்டுக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. தலைப்புப் பக்கத்தைப் பிரித்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளிலும், ஓரக் குறிப்புகளிலும், திருத்தக் குறிகளிலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆவணத்தைப் பரிசோதிக்கும் கட்டளையை ஓட்டி அவற்றை நீக்கிவிட்டு, கோப்பை மூடி மறுபடி திறந்து பார்த்த பிறகே ஏற்றுங்கள்.