மரமும் மனமும் இடம் மாறி நிற்கும் ரீடர்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு நீண்டநாள் அனுபவம்

மின்புத்தகம் படிக்கும் ரீடரின் விலை நன்றாக இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா வேண்டாமா என்று இங்கே மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் நண்பர் கேட்டார். தமிழ்ப்பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். "நீதான் வருசக்கணக்கா வெச்சிருக்கியே, சட்டுன்னு சொல்லு" என்றார். சட்டென்று சொல்லும் விஷயமில்லை என்பதால் எழுதியே அனுப்புகிறேன் என்றேன். அவருக்கு எழுதியது மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயும் போடுகிறேன். ஆறு அங்குலம், கறுப்பு வெள்ளை, உள்விளக்கு, தொடுதிரை. இதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

எனக்கு வேலை பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில், லோரி நிறுக்கும் இடத்தில். குலை ஏற்றி வரும் லோரியை நிறுத்து எழுதி உள்ளே அனுப்ப வேண்டும், கொட்டிவிட்டுத் திரும்பும்போது வெறும் லோரியை இன்னொரு முறை நிறுக்க வேண்டும். குலை அதிகம் வரும் மாதங்களில் மூச்சு விட நேரமிருக்காது. மற்ற மாதங்களில் ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் நடுவில் பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம்கூடக் கிடைக்கும். என் வாசிப்பு முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஒரே புத்தகத்தைப் பிடித்து முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை போகும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரு நாவல், ஒரு வரலாறு, ஏதாவது ஒரு சிறுகதைத் தொகுப்பு, பூச்சியைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ ஒன்று, எல்லாம் ஒரே சமயத்தில் ஓடும். எதை எடுப்பது என்று மேய்வதே எனக்குப் பாதி சந்தோஷம். அதனால் இது மேய்கிறவனின் அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுகிறவர்களுக்கு நான் திட்டப்போகும் பாதி விஷயங்கள் கண்ணிலேயே படாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலில் இதைப்போல வேறெதுவும் இல்லை. நிறுக்கும் அறையின் கண்ணாடி வழியாகப் பதினொரு மணி வெயில் நேராக மேசையில் விழும். கைப்பேசித் திரையில் என் முகம்தான் தெரியும், ரீடரில் எழுத்து இன்னும் பளிச்சென்று இருக்கும். மின்மை (இ-இங்க்) திரைக்குப் பக்கம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் தேவை, நின்ற பக்கம் சும்மாவே நிற்கும். அதனால் சார்ஜரைத் தேடி ஓட வேண்டியதில்லை. இன்னொன்று, நம் ஊர் ஈரம். பேரா மழையில் காகிதப் புத்தகம் எப்படிப் பூக்கும் என்று தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர்களிடம் கேளுங்கள். என் அப்பா சேர்த்து வைத்த பழைய தீபாவளி மலர்களில் பூஞ்சணம் தின்றது போக மிச்சத்தைக் கறையான் தின்றது. இதற்குள் இருக்கும் எதையும் கறையான் தொடாது.

தமிழில் படிக்க என்ன கிடைக்கும் என்று நண்பர் கேட்டார். நிறையக் கிடைக்கும், அதுவும் சும்மாவே. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றியது, சங்கப் பாடலிலிருந்து சென்ற நூற்றாண்டு உரைநடைவரை அங்கே இருக்கிறது. ஈழத்து நூல், பழைய இதழ், பள்ளி மலர் எல்லாவற்றுக்கும் நூலகம் தளம். எழுத்தாளர்களே உரிமம் கொடுத்துப் பொதுவில் விட்ட புத்தகங்களுக்கு ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். இந்த மூன்றையும் நடத்துகிறவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் நன்றி குறைவுதான். நாங்கள் இருக்கும் இடத்தில் பத்திரிகையும் பஞ்சாங்கமும் வாங்கலாம், தமிழ்ப் புத்தகம் என்று தேடிப் போய் நிற்க ஒரு கடை கிடையாது.

அப்புறம், நான் எதிர்பார்க்காமல் கிடைத்த ஒன்று. புனைவும் அபுனைவும் ஒரே இடத்தில் கலந்து கிடப்பதால் அவை ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடுகின்றன. ஒரு மத்தியானம் செம்பனையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். மலாயாவில் முதன்முதலாக வாணிபத்துக்காகச் செம்பனை நட்டது 1917இல், கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்த ஆளே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோங்கூர் பரிசை வாங்கியிருக்கிறார்! வெளியே குலை லோரி ஹாரன் அடிக்கிறது, நான் எழுந்திருக்கவில்லை. நான் தினம் நிறுக்கும் குலையை இந்நாட்டில் தொடங்கி வைத்தவர் ஒரு நாவலாசிரியர் என்று முப்பது வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. வரலாற்றுப் புத்தகத்தை ஒரு அலமாரியிலும் கதையை வேறு அலமாரியிலும் வைத்திருந்தால் அந்த இரண்டு செய்தியும் ஒரே மத்தியானத்தில் என்னிடம் வந்து சேர்ந்திருக்காது.

அன்றிலிருந்து ரீடரில் புனைவு, அபுனைவு என்று பிரிப்பதை விட்டுவிட்டேன். பொருளை வைத்துத்தான் தொகுப்பு. 'ரப்பர்' என்று ஒன்று. 1877இல் வந்த கன்றுகளில் ஒன்று இன்னமும் மரமாக நிற்பது பக்கத்துக் கோலகங்சாரில், அந்தச் செய்தி இருக்கும் கட்டுரையும் பால்வெட்டுக் கதைகளும் அதில் பக்கத்தில் பக்கத்தில். 'ரயில்' என்று ஒன்று, சயாம் ரயில் பாதை பற்றியது மட்டும். 1942, 43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பான்காரர்கள் நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஏற்றிப் போனார்கள், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து எனக்குச் சிறுகதைதான் சொன்னது, சிறுகதை விட்ட எண்ணிக்கையை வரலாறு சொன்னது. 'அவசரகாலம்' என்று இன்னொன்று, மலாயாவில் அரசும் கம்யூனிஸ்டுகளும் மோதிய காலம் அது. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்ட அன்று தொடங்கி 1960இல் முடிந்த அந்தக் காலத்தைப் பற்றி எது கிடைத்தாலும் அங்கே போகும். இந்தத் தொகுப்பு வசதிக்காக மட்டுமே ரீடருக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம்.

கொடுக்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ரீடருக்குத் தமிழ் அகர வரிசை தெரியாது. பட்டியலைத் தலைப்பு வாரியாக அடுக்கச் சொன்னால் 'மனம்' என்று தொடங்கும் புத்தகம் முதலில் வரும், 'மரம்' அதற்குக் கீழே. 'அகம்' மேலே, 'அக்கா' எங்கேயோ கீழே. 'அன்பு' வந்து 'அப்பா'வுக்கும் 'அம்மா'வுக்கும் முன்னால் நிற்கிறது. அகராதியில் அன்பை எங்கே தேடுவோம்? அ-வில் தொடங்கும் சொற்களின் வால் பக்கத்தில். நம் வரிசையில் ன கடைசி எழுத்து. கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் அதை ந-வுக்கு அடுத்தே வைத்துவிட்டார்கள், ற வந்து ல-வுக்கு முன்னால் நிற்கிறது, ஜ வந்து ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். இதையெல்லாம்விட மோசம் புள்ளி. புள்ளிக்குக் கொடுத்த எண் உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. க் என்பது க-வுக்கு முன்னால் வர வேண்டியது, கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். ரீடர் அந்த எண்களை அப்படியே சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறது.

இதில் என்ன இருக்கிறது, தேடல் பெட்டியில் தட்டினால் வந்துவிடுமே என்று நண்பர் கேட்பார். மேய்கிறவன் எதைத் தட்டுவான்? எது வேண்டுமென்று தெரியாமல் பட்டியலில் கண்ணை ஓட்டும்போது, இந்த எழுத்துக்கு அடுத்து இது என்று நம் கண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நம்பிப் போனால் இருக்கிற புத்தகம் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. பெயர் பாதிதான் ஞாபகம் இருக்கிறது, 'மர' என்று ஏதோ, அந்த இடத்துக்குப் போனால் அங்கே வேறொன்று. அதற்குள் லோரி வந்துவிடும். தேடல் பெட்டியும் பெரிய சுகமில்லை. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் கொ என்பதைக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாக எழுதியிருப்பார்கள், நாம் தட்டுவது ஒரே குறி. பார்வைக்கு இரண்டும் ஒன்று, ரீடருக்கு வேறு வேறு.

நியாயமாகவும் பேச வேண்டும். எண் வரிசை வேறு, அகர வரிசை வேறு என்று யூனிகோடுகாரர்களே சொல்லியிருக்கிறார்கள். அடுக்குவதற்கென்று தனி முறையே வைத்திருக்கிறார்கள், தமிழுக்கான விதியும் அதில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் போடலாம். அதனால் கோபம் அட்டவணை போட்டவர்கள்மேல் இல்லை. இருக்கிற விதியை எடுத்துப் போடாத ரீடர் கம்பெனிமேல்தான். என் மகளின் மலாய்க் கதைப் புத்தகங்களும் ஆங்கிலப் புத்தகங்களும் அதே ரீடரில் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. காசு எல்லோரிடமும் ஒரே மாதிரிதானே வாங்குகிறார்கள்? உதாரணத்தோடு, படம் எடுத்து, வரிசை எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினேன். மென்பொருளைப் புதுப்பித்து, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. புதுப்பித்தேன். வரிசை அப்படியேதான் இருந்தது. முகப்பில் புதிதாக ஒரு பரிந்துரைப் பட்டை மட்டும் வந்தது. ஒரு சமையல் புத்தகத்தைத் திறந்துவிட்டால் பிறகு சமையல் புத்தகமாகவே காட்டுகிறது. மேய்கிற மாட்டை ஒரே முளையில் கட்டிப்போட்ட மாதிரி.

என் கைவைத்தியம் இது. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு புத்தகத்தின் விவரத்தையும் திறந்து, தலைப்புக்கு முன்னால் எண் போட்டுவிடுகிறேன். 210 மரம் என்று தொடங்குவது, 240 மனம் என்று தொடங்குவது. இடையில் புதியது வந்தால் நுழைக்க இடம் விட்டு எண் போட வேண்டும். வேலை செய்கிறது. ஆனால் ராத்திரி உட்கார்ந்து இதைச் செய்யும் நேரத்தில் ஒரு சிறுகதை படித்துவிடலாம். அறுநூறு வெள்ளிக்குமேல் (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய சாதனத்துக்கு அகர வரிசையை நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

மற்ற குறைகள் சின்னவை. அபுனைவில் பாதிக்குமேல் ஸ்கேன் செய்த பிடிஎஃப்தான் கிடைக்கும், ஆறு அங்குலத்தில் அதைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை, வரைபடமும் அட்டவணையும் சுத்தமாகத் தெரியாது. அதனால் நாம் கவனிக்காமலே கதைகள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். அடிக்குறிப்புக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் என்ன படித்தோம் என்பதே மறந்துவிடும். நடுப்பக்கத்தைச் சும்மா பிரித்துப் பார்க்க முடியாது. மழைத்துளி ஒன்று திரையில் விழுந்தால் பக்கம் தானாகத் திரும்பும், வியர்வைக் கைக்கும் அதே கதி.

போன மாதம் பேட்டரி உப்பித் திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. கம்பெனியில் கேட்டால் உத்தரவாதம் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள், தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடையில் தொண்ணூறு வெள்ளிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பின்மூடியைக் கழற்றும்போது அந்தப் பையன் காட்டினான், பேட்டரியைத் திருகாணி இல்லாமல் பசை போட்டு அடியோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். மெல்லிய நூலை அடியில் விட்டு அறுத்து அறுத்துத்தான் எடுத்தான். இப்போது பழையபடி நன்றாக ஓடுகிறது. பழுது பார்க்கவே கூடாது என்று முடிவு பண்ணிச் செய்த பொருள் அது, அந்தப் பையன் கையில் பொறுமை இருந்ததால் பிழைத்தது.

சரி, நண்பருக்குப் பதில். வாங்காதே. வெயில், ஈரம், இலவசப் புத்தகம், ரயில் தொகுப்பு, எல்லாம் நான் எழுதியது நிஜம், ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், என்னுடையதைக் கேட்டாலும் தர மாட்டேன். ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் வாங்காதே என்றுதான் சொல்வேன். தமிழை எண் வரிசையில் அடுக்கிவிட்டு அதைச் சொன்னவனுக்கு அணைத்துப் போடு என்று பதில் எழுதுகிறவர்களுக்கு நம் காசு இன்னொரு முறை போக வேண்டாம். நீ வருமான வரி கட்டுகிறவன், வாழ்க்கைமுறைச் செலவுக்கு வரிக் கழிவு 2,500 வெள்ளிவரை இருக்கிறது, அதில் காகிதப் புத்தகமும் சேரும். ஈப்போ லிட்டில் இந்தியா உனக்குப் பக்கம்தானே. கண்ணாடி அலமாரி ஒன்றும் ஈரம் உறிஞ்சும் டப்பா இரண்டும் சேர்த்து வாங்கிக்கொள்.

அதையும் மீறி வாங்குவாய், உன்னை எனக்குத் தெரியும். அப்படியானால் ஆறு அங்குலம் வேண்டாம், எட்டுக்கு மேல் பார். பக்கம் திருப்ப ஓரத்தில் பொத்தான் இருக்க வேண்டும். கடையில் காசு கொடுப்பதற்கு முன்னால், நான் அனுப்பும் இரண்டு கோப்பையும் அதில் போட்டு அடுக்கச் சொல். ஒன்று 'மரம்', இன்னொன்று 'மனம்'. மரம் முதலில் வந்தால் அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணு, எனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொல், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்.